டென்ஷனில் எடுக்கும் முடிவை நம்பலாமா: காஷுவாலிட்டியில் நடப்பது பற்றி ஒரு மயக்க மருத்துவரின் பதில்

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். இரவு நேரத்தில் நெஞ்சு வலியோடு அப்பாவைக் காஷுவாலிட்டிக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். போன கொஞ்ச நேரத்திலேயே இதயம் நின்றுவிட்டது. ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள், பெரிய டாக்டர் சத்தம் போட்டார், மருந்து ஏற்றிய சிஸ்டரின் கை நடுங்கியது. அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை. "இவ்வளவு டென்ஷனில் இருப்பவர்கள் எடுக்கும் முடிவு சரியாக இருக்குமா?" என்று பொதுவாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அந்தப் பதற்றத்தில் எதையாவது விட்டுவிட்டார்களோ என்பது ஒன்று. நாங்கள் அங்கே நின்று அழுததே அவர்களுக்கு இடைஞ்சலாகிவிட்டதோ என்பது மற்றொன்று. மூன்றுக்கும் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

நான் மயக்க மருத்துவர். அரசு மருத்துவமனையில் தியேட்டர், ஐ.சி.யு. இரண்டும் பார்க்கிறேன். காஷுவாலிட்டியிலிருந்து "டியூப் போடணும், வாங்க" என்று, அதாவது மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த, போன் வந்தால் ஓடிவரும் ஆள். மருத்துவ மேற்படிப்பு (பி.ஜி.) மாணவர்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் பொம்மை வைத்து அவசர சிகிச்சைப் பயிற்சியும் கொடுக்கிறேன். உங்கள் அப்பாவின் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் அவருக்கு நடந்தது சரியா தவறா என்று நான் சொல்வது முறையில்லை. மருத்துவமனைக்குள் மாரடைப்பால் இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர், எல்லாம் சரியாகச் செய்தாலும் பிழைப்பதில்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த நடுங்கிய கை. அது உங்களை ரொம்பவும் உறுத்தியிருக்கிறது போல. கட்டிலில் கிடப்பவரின் இதயத்தைத் தூண்ட நாங்கள் போடும் அட்ரினலின்தான் சுற்றி நிற்பவர்களின் உடம்பிலும் தானாகச் சுரக்கிறது. கை நடுங்கும், வாய் உலரும், நெஞ்சு படபடக்கும். வேலை தெரியாதவர் என்பதற்கு அது அடையாளம் இல்லை. பல நூறு தடவை செய்து பழகிய கைவேலை, அதாவது ஊசி ஏற்றுவது, நெஞ்சை அழுத்துவது, மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கைப் பிடிப்பது, பதற்றத்திலும் பெரும்பாலும் தவறாது. முதலில் அடிவாங்குவது வேறு ஒன்று. ஒரே நேரத்தில் நாலைந்து தகவலை மனதில் பிடித்துவைத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை இருக்கிறதே, அதுதான். மூளையின் முன்பகுதி செய்கிற வேலை அது. கடுமையான அழுத்தத்தில் சுரக்கும் ரசாயனங்கள் அந்தப் பகுதியின் செயல்பாட்டைத்தான் மந்தமாக்குகின்றன. இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

கனடாவில் ஆம்புலன்ஸ் பாராமெடிக்குகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. அமைதியான நேரத்தில் அவர்களிடம் மருந்து அளவுக் கணக்குகளைக் கொடுத்தார்கள். அப்புறம் பொம்மை நோயாளியை வைத்து ஒரு கடுமையான அவசர நிலையை நடத்திவிட்டு, அதே மாதிரிக் கணக்குகளைக் கொடுத்தார்கள். அழுத்தத்துக்குப் பிறகு சரியான விடைகள் குறைந்தன. அனுபவசாலிகளும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. இந்த முடிவு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. இதை நாங்கள் வார்டில் தினமும் பார்க்கிறோம்.

ஒரு உதாரணம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இதயம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கொடுக்க வேண்டும், ஆக 0.12 மில்லிகிராம். கையில் இருக்கிற ஆம்ப்யூலில் ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கும். அதை ஒரு 10 மில்லி சிரிஞ்சில் எடுத்து, 10 மில்லி வரை சலைன் இழுத்து, அதிலிருந்து 1.2 மில்லி கொடுக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் பள்ளிக்கூடக் கணக்கு. அந்தக் குழந்தையின் அம்மா பக்கத்தில் கதறும்போது, ஒருவர் எடையைக் கேட்க, இன்னொருவர் டியூப் சைஸ் கேட்க, புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகிவிடும். அதனால்தான் எடைவாரியாக அளவு எழுதிய அட்டவணையை எமர்ஜென்சி டிராலி பக்கத்துச் சுவரில் ஒட்டிவைக்கச் சொல்கிறோம். நர்ஸ் அளவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், டாக்டர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் மருந்து உள்ளே போக வேண்டும். இதில் யாருடைய திறமையையும் யாரும் சந்தேகப்படவில்லை. அந்த நிமிடத்தில் தனி ஒருவரின் மனக்கணக்கை நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது கவனம் குறுகிப்போவது. பதற்றத்தில் கண்முன்னே இருக்கிற ஒரே வேலையில் மனம் போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நடப்பது தெரியாது, காதில் விழுவது மனதில் ஏறாது, நேரம் போவது தெரியாது. சி.பி.ஆர்., அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் சிகிச்சை, நடக்கும்போது நாடி பார்க்க 10 வினாடிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. பார்ப்பவருக்கு ஐந்து வினாடி மாதிரி இருக்கும், கடிகாரத்தில் இருபது ஓடியிருக்கும். நெஞ்சை அழுத்துபவரின் அழுத்தம் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே தளர ஆரம்பித்துவிடும், ஆனால் தான் தளர்ந்தது அவருக்கே தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்வது இதனால்தான்.

இந்தக் கவனக் குறுகலின் முழு விளைவையும் காட்டுகிற ஒரு சம்பவத்தை மயக்க மருத்துவம் படிக்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். 2005 மார்ச் 29-ஆம் தேதி இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய், சைனஸ் அறுவை சிகிச்சைக்காகத் தியேட்டருக்குள் போனார். அவசரமே இல்லாத, முன்கூட்டியே தேதி குறித்த ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்ததும் அவருடைய சுவாசப் பாதையைத் திறந்துவைக்க முடியவில்லை. டியூபும் போகவில்லை, மாஸ்க் வழியாக ஆக்சிஜனும் சரியாகப் போகவில்லை. உதவிக்கு இன்னொரு மூத்த மயக்க மருத்துவர் வந்தார். காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவரும் அங்கேயே இருந்தார். மூன்று பேரும் நல்ல அனுபவசாலிகள். மாற்றி மாற்றி டியூப் போட முயன்றார்கள். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜனின் அளவு, சுமார் 20 நிமிடம் 40 சதவீதத்திலோ அதற்குக் கீழேயோ கிடந்தது.

இந்த நிலைமைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அன்றைக்கே எழுதிவைக்கப்பட்டிருந்தது. டியூபும் போகாமல் ஆக்சிஜனும் போகாமல் இருந்தால் கழுத்தின் முன்பக்கம் துளையிட்டுக் காற்று கொடுக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். ஒரு நர்ஸ் அந்தக் கழுத்துத் துளைக்கான செட்டைக் கொண்டுவந்து, "தயாராக இருக்கிறது" என்று சொல்லியும் விட்டார். அது யார் மனதிலும் ஏறவில்லை. இன்னொரு நர்ஸ் ஐ.சி.யு.வில் படுக்கை கேட்டு போன் செய்தார். நீ அளவுக்கு மீறிப் பயப்படுகிறாய் என்பது போல மற்றவர்கள் பார்த்ததால் அதை ரத்து செய்தார். 13 நாள் கழித்து அந்தப் பெண் இறந்துபோனார்.

அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமான பைலட். விமான விபத்து நடந்தால் சுதந்திரமான விசாரணை நடக்கும் என்ற பழக்கத்தில், இதற்கும் விசாரணை எப்போது என்று கேட்டார். அப்படி வழக்கம் இல்லை என்றபோது, அப்படி ஒன்று வேண்டும் என்று வற்புறுத்தினார். யாரையும் தண்டிக்க அவர் கேட்கவில்லை. திறமையான மூன்று பேர் ஒன்றாகச் சேர்ந்து ஏன் இதைப் பார்க்கத் தவறினார்கள் என்றுதான் கேட்டார். பிறகு 2007-இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராய்வதற்காகவே ஓர் அமைப்பையும் தொடங்கினார். இன்றைக்கு நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பல விஷயம் அந்த மனிதரின் கேள்வியிலிருந்து வந்தவை. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இதிலிருந்து உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வருவது இதுதான். அந்த அறையில் அறிவுக்குப் பஞ்சம் இல்லை. தேவையான தகவல் நர்ஸ்களிடம் இருந்தது. அவர்கள் சொன்னது முடிவெடுப்பவரின் மனதுக்குப் போய்ச் சேரவில்லை. அழுத்தம் தனி ஒருவரின் மூளையைக் கெடுப்பதை விட, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதைக் கெடுப்பதுதான் பெரிய ஆபத்து. முன்னதற்கு அட்டவணையும் பயிற்சியும் இருக்கிறது. பின்னதற்கு யாராவது வாயைத் திறந்தாக வேண்டும்.

வாயைத் திறப்பது நம் ஊரில் இன்னும் கஷ்டம். சீஃப் எதிரே நிற்கும்போது முதல் வருஷ பி.ஜி.யோ, ஒப்பந்தத்தில் சேர்ந்து ஆறு மாதமே ஆன நர்ஸோ என்ன சொல்வார்? "சார், ஒருவேளை டியூப் சரியான இடத்துல இல்லையோ..." என்று இழுப்பார். மரியாதைக்காக அப்படிப் பேசுகிறோம், அது நம் வளர்ப்பு. மானிட்டர் அலறும்போது அந்த இழுவை யார் காதிலும் ஏறாது. அதனால் பயிற்சியில் வேறு மாதிரிப் பேசச் சொல்கிறேன்: "சார், சாச்சுரேஷன் 60. ரெண்டு நிமிஷமா ஏறல. அடுத்தது கழுத்து வழியா போகணும்." முதலில் எண், அடுத்து நேரம், கடைசியில் அடுத்து செய்ய வேண்டியது. 'சார்' அப்படியே இருக்கட்டும், மரியாதை எங்கேயும் போய்விடாது. பயிற்சியில் நர்ஸ்கள் முதலில் தயங்குவார்கள், சிரிப்பார்கள். நாலாவது ஐந்தாவது தடவைக்குள் குரல் நிமிர்ந்துவிடும். அதைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த நேரம்.

பெரிய டாக்டர் சத்தம் போட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சத்தத்தில் இரண்டு வகை இருக்கிறது. "அட்ரினலின் 1 மில்லிகிராம், இப்போ", "எல்லாரும் கையை எடுங்க, ஷாக்" (நெஞ்சில் மின் அதிர்ச்சி கொடுப்பது) என்று உரக்கச் சொல்வது தேவையான சத்தம். ஏழு பேர் இருக்கிற அறையில் மெதுவாகச் சொன்னால் வேலை நடக்காது. வெளியே நிற்பவருக்கு அது கோபம் மாதிரித் தெரியும். "இதுகூடத் தெரியாதா, உனக்கு யார் வேலை கொடுத்தது?" என்பது இன்னொரு வகை. அது கெடுதல் செய்யும். இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைகள் ஐ.சி.யு.க்களைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. குறைமாதக் குழந்தை ஒன்று திடீரென மோசமாகிற மாதிரிப் பயிற்சிச் சூழல். சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகமான ஒருவர் அந்த நாட்டு மருத்துவத்தைப் பற்றிக் கொஞ்சம் மட்டமாகப் பேசினார். திட்டக்கூட இல்லை, லேசான அவமதிப்புதான். அந்தக் குழுக்களின் நோயறிதலும் செய்முறையும் குறிப்பிடத்தக்க அளவு மோசமாயின. காரணத்தையும் பார்த்தார்கள்: தகவலைப் பகிர்ந்துகொள்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோயிருந்தன. அவமானப்பட்டவர் வாயை மூடிக்கொள்கிறார், அவரிடம் இருந்த தகவலும் அவரோடு போய்விடுகிறது. ஜூனியரைத் திட்டித்தான் வேலை வாங்க முடியும் என்று நம்புகிற மூத்தவர்கள் நம் துறையில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கட்டிலில் கிடப்பவருக்கு அது செய்கிற கெடுதலை அவர்கள் உணர வேண்டும்.

அனுபவம் காப்பாற்றுமா என்றால், பாதி காப்பாற்றும். தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்த கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விஷயத்தைக் கண்டார். அனுபவசாலிகள் நெருக்கடியில் நாலு வழியை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. முன்பு பார்த்த ஒன்றோடு நிலைமை பொருந்துவதை உடனே அடையாளம் கண்டு, அதற்கேற்ப இறங்கிவிடுகிறார்கள். காஷுவாலிட்டியிலும் அப்படித்தான், பெரும்பாலும் சரியாகவே வரும். நிலைமை பழகியதைப் போலத் தோன்றி உள்ளே வேறாக இருக்கும்போதுதான் சிக்கல். நெஞ்சு வலி என்றதும் மாரடைப்பு என்று மனம் முடிவு கட்டிவிட்டால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி கிழிந்திருக்கலாம் என்ற எண்ணம் வராமலே போகலாம். அங்கே "இது வேற ஏதாவது இருக்குமா?" என்று உரக்கக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

எது உண்மையில் உதவுகிறது என்பதில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது செக்லிஸ்ட். அமெரிக்காவில் 17 ஆபரேஷன் குழுக்களை 106 செயற்கை நெருக்கடிகளில் விட்டுப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. உயிர் காக்கும் முக்கியமான படிகளில், ஞாபகத்தை மட்டும் நம்பியபோது 23 சதவீதம் விட்டுப்போயின. நெருக்கடிக்கான செக்லிஸ்ட் கையில் இருந்தபோது 6 சதவீதம்தான். இந்தியாவிலும் கடினமான சுவாசப் பாதைகளுக்கென்றே இருக்கிற அகில இந்தியச் சங்கம் 2016-இல் வழிமுறைகள் வெளியிட்டது. டியூப் போடும் முயற்சிகளுக்கு அது வரம்பு வைக்கிறது. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று பதற்றத்தில் மனம் கெஞ்சும். அந்த இடத்தில் நிறுத்துவதற்குத்தான் அந்த வரம்பு.

செக்லிஸ்ட்டுக்கு அடுத்து, தலைவர் நிற்கிற இடம். சி.பி.ஆரை நடத்துபவர் கட்டிலின் கால்மாட்டில், கையில் எந்த வேலையும் இல்லாமல் நிற்க வேண்டும். அவரே டியூப் போடக் குனிந்துவிட்டால் அந்த அறையில் முழுமையாகப் பார்ப்பவர் யாரும் இல்லை. கடிகாரம் பார்த்து எழுத ஒருவர் தனியாக வேண்டும். ஆள் பற்றாக்குறை இருக்கிற இடத்தில், ராத்திரி ஷிஃப்டில் ஒரே டியூட்டி டாக்டரும் இரண்டு நர்ஸும் இருக்கும்போது இதெல்லாம் முடியாது என்பார்கள். அது உண்மைதான். அந்த நிலைமையிலும் "நான் என்ன நினைக்கிறேன்னா, இது வி.எஃப். (இதயம் ஒழுங்கில்லாமல் துடிதுடிப்பது), ஷாக் கொடுத்தாச்சு, அடுத்தது அட்ரினலின், வேற யாருக்காவது ஏதாவது தோணுதா?" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லலாம். அதற்கு ஆள் தேவையில்லை.

இனி சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை பொம்மை நோயாளிகளை வைத்து நடந்தவை. நிஜமான உயிர் போராடும்போது எந்தக் குழுவையும் வேண்டுமென்றே பதற்றப்படுத்திச் சோதிக்க முடியாது, கூடாது. ஆகவே பொம்மையில் கண்டது நிஜத்தில் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் இடைவெளி இருக்கிறது. கொஞ்சம் டென்ஷன் நல்லது, அதிகமானால் கெடுதல் என்று ஒரு கவிழ்ந்த வளைவுப் படத்தைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் மூலம் 1908-இல் சுண்டெலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் செய்த ஒரு சோதனை. பொதுவான போக்கு சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு டாக்டருக்கு எந்த அளவு டென்ஷன் சரியானது என்று அந்தப் படத்தை வைத்து யாரும் அளந்து சொல்ல முடியாது. மூச்சுப் பயிற்சி, மனதை நிலைப்படுத்தும் உத்திகள் பற்றியும் நிறையச் சொல்கிறார்கள். மருத்துவ மாணவர்களிடம் ஒரு சுவிஸ் ஆய்வு இந்த மாதிரி உத்தியைச் சோதித்தது. அவர்கள் உணர்ந்த அழுத்தம் கொஞ்சம் குறைந்தது, சி.பி.ஆர். செய்த தரம் மேம்படவில்லை. அமைதியாக உணர்வதும் நன்றாக வேலை செய்வதும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது. நடுங்கிய கையைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள் இல்லையா, அதற்கும் இது பதில்.

நீங்கள் அங்கே நின்றது இடைஞ்சலா என்பதற்கு வருகிறேன். பிரான்சில், வீட்டிலேயே இதயம் நின்றவர்களுக்கு ஆம்புலன்ஸ் குழு சி.பி.ஆர். செய்யும்போது, குடும்பத்தில் ஒருவரை உடன் இருக்க அழைத்துப் பார்த்தார்கள். 570 உறவினர்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள், 2013-இல் வெளியானது. உடன் இருக்க அழைத்ததால் சிகிச்சை கெடவில்லை, குழுவின் அழுத்தமும் கூடவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அழைக்கப்பட்ட குடும்பத்தினரிடம் அந்த அதிர்ச்சியின் பாதிப்புகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. அங்கே குடும்பத்தினருக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஓர் ஆள் இருந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் காஷுவாலிட்டியில் பத்துப் பேர் உள்ளே தள்ளிக்கொண்டு வந்து டாக்டரின் சட்டையைப் பிடிப்பது வேறு கதை. அது நிச்சயமாகக் குழுவின் கவனத்தைச் சிதறடிக்கும். நீங்களும் உங்கள் அண்ணனும் சுவரோரம் நின்று அழுதது அப்படி இல்லை. உங்கள் அப்பாவுக்கு அதனால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

எதையாவது விட்டுவிட்டார்களோ என்ற கேள்வி உங்களைத் தூங்கவிடவில்லை என்றால், அதற்கு வழி இருக்கிறது. நோயாளியின் குடும்பத்தினர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஷீட் கைக்கு வந்ததும் நாலு இடத்தைப் பாருங்கள்: உள்ளே வந்த நேரம், முதல் ஈ.சி.ஜி. எடுத்த நேரம், இதயம் நின்றது தெரிந்த நேரம், முதல் ஷாக்கும் முதல் அட்ரினலினும் கொடுத்த நேரம். ஷாக் எல்லா வகை இதய நிறுத்தத்துக்கும் கொடுப்பதில்லை, ஆகவே அது ஷீட்டில் இல்லையென்றால் உடனே பிழை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதற்றமான நேரத்தில் எழுதும் நேரங்களில் ஓரிரு நிமிட வித்தியாசம் சகஜம், அதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். அந்த ஷீட்டை உங்களுக்குத் தெரிந்த ஓர் இதய மருத்துவரிடமோ மயக்க மருத்துவரிடமோ எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அன்று டியூட்டியில் இருந்த டாக்டரையும் ஒரு தடவை நேரில் பாருங்கள்.